யானையே, கொஞ்சம் அசையாமல் நில்!

இலங்கையில் காட்டு விலங்கைப் படம் பிடித்த கதை துவக்கில் துவங்குகிறது. 1839 ஓகஸ்டில் பாரிஸ்காரர்கள் டாகுவேரின் படப்பெட்டியை உலகத்துக்குக் காட்டிப் பெருமைப்பட்ட காலத்தில், நம்முடைய ஊவா மலைகளில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற துரை யானை சுட்டுக்கொண்டு திரிந்தார். பதவி, பதுளையில் உதவி அரசாங்க அதிபர். கடமை நேரத்தில் வழக்குக் கேட்பார், தெருப் போடுவிப்பார். மிச்ச நேரத்தில் யானை. மிச்ச நேரம் தாராளமாக இருந்திருக்க வேண்டும். அவருடைய கணக்கு 1,400ஐத் தாண்டியது என்று சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் பிற்பாடு எழுதி வைத்தார். 1845இல் அப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்தபோது, மழை விட்டுவிட்டதா என்று பார்க்க வெளியே வந்தவர் மேல் மின்னல் இறங்கியது. நுவரெலியாவில் புதைத்தார்கள். அந்தக் கல்லறையிலும் பிறகு மின்னல் விழுந்து கல் பிளந்தது என்று அந்தப் பக்கத்துச் சனம் சொல்லும். யானைமுகத்தோன் இந்திரனிடம் ஒரு சின்ன உதவி கேட்டிருப்பார் என்பது என் ஊகம். ஆதாரம் கேட்கவேண்டாம்.

ரொஜர்ஸைத் தனியாகக் குறை சொல்வதும் நியாயமில்லை. யானை கொன்றவனுக்கு அரசாங்கமே தலைக்குச் சில ஷிலிங் சன்மானம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானை போனது என்பதும் டெனன்ட் தந்த கணக்குத்தான். பிறகு சாமுவேல் பேக்கர் வந்தார். வேட்டை நாய்ப் பட்டாளத்தோடு நுவரெலியாவில் குடியேறி, 1850களில் புத்தகமும் எழுதினார். அதன் தலைப்பில் துவக்குக்கு இடம் கிடைத்தது, நாய்க்கு இடம் கிடைத்தது. யானைக்குக் கிடைக்கவில்லை.

அப்போது கமராக்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். வந்துகொண்டிருந்தார்கள், மெதுவாக. பெட்டிகள் பாரம்.

1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் கண்டுபிடித்த ஈரத்தட்டு முறைதான் அடுத்த கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்சி செய்தது. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பிசினை ஊற்றி, தோசைக்கல்லில் மாவைச் சுழற்றுகிற மாதிரிச் சுழற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கமராவுக்குள் செருகிப் படம் எடுத்து, அந்த ஈரத்தோடேயே கழுவி முடிக்க வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். லண்டன் குளிரில் பத்துப் பதினைந்து நிமிடம். அனுராதபுரத்து வெயிலில் அதையும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே படம் எடுக்கப் போகும் துரை இருட்டுக் கூடாரத்தையும், இரசாயனப் போத்தல்களையும், கண்ணாடித் தட்டுகளையும், முக்காலியையும், தண்ணீரையும் கூடவே கொண்டுபோனார். ‘கொண்டுபோனார்’ என்பது மரியாதைக்கு எழுதுகிற வார்த்தை. கொண்டுபோனவர்கள் வேறு ஆட்கள்.

இத்தனைக்குப் பிறகும் எதிரே நிற்கும் பொருள் பல வினாடிகள் ஆடாமல் நிற்க வேண்டும். மலை நிற்கும். இடிந்த விகாரை நிற்கும். காற்றில்லாத நாளில் தென்னையும் நிற்கும். கூலியாளை அதட்டி நிறுத்தலாம். காட்டு யானைக்கு அந்த ஒழுக்கம் இல்லை, சிறுத்தைக்கு அறவே இல்லை. இலங்கையின் பழைய படத் தொகுப்புகளில் பேராதனைப் பூங்கா மரங்களும் கண்டி வாவியும் நிறைந்து, காட்டு விலங்கு இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். மிருகம் வேண்டுமென்றால் செத்தது இருந்தது. செத்ததைப் போல அடக்கமாக நிற்பது வேறு எது?

ஈரத்தட்டுத் துரைமாரில் மூன்று பேரைச் சொல்லாமல் போக முடியாது. கொழும்பில் அரசாங்க அச்சகத் தலைவராக இருந்த வில்லியம் ஸ்கீனின் மகன் டபிள்யூ. எல். எச். ஸ்கீன், லண்டனில் தொழில் படித்து வந்து 1860களில் கொழும்பில் கடை விரித்தார். சார்ள்ஸ் ஸ்கோவன் 1870களில் வந்தார். பிற்காலத்தில் அவருடைய நெகட்டிவுகள் கொழும்பு அப்போதிக்கரிஸ் கம்பனியின் கைக்குப் போயின. மருந்தும் மலைக்காட்சியும் ஒரே கடையில் விற்ற காலம். கண்டியில் இருந்த ஜோசப் லோட்டன்தான் மூவரிலும் அதிகம் பாடுபட்டவர். 1870, 71இல் அனுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா என்று காடேறி இடிபாடுகளைப் படம் பிடித்தார். மறுவருடம் இங்கிலாந்தில் செத்துப்போனார். அவருடைய படங்களில் தூபிக்குப் பக்கத்தில், தூணுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்பார். அழகுக்காக இல்லை, அளவுக்காக. தூண் எத்தனை அடி, எந்த அரசன் கட்டியது என்பதெல்லாம் பிறகு கவனமாகப் பதிவாகிவிட்டது. அளவுகோலாக நின்ற மனிதரின் பெயரை யாரும் எழுதவில்லை.

இவர்களுடைய படங்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டத்துரைமார். தன் கோப்பித் தோட்டத்தை ஒரு அல்பமாகக் கட்டி, ஸ்கொட்லாந்தில் இருக்கும் தாய்க்கு அனுப்பினால்தான் தாய் நம்புவாள். 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பியைத் துடைத்துக்கொண்டு போனது. தேயிலை வந்தது. துரைமார் பலர் கடனாளியானார்கள், படக்காரருக்கு நட்டமில்லை. அதே மலை, அதே லயம், அதே கொழுந்துக் கூடைக்காரியின் முன்னோர். கீழே எழுதுகிற வரி மட்டும் மாறியது.

இனி நம்முடைய கதாநாயகி. ஜூலியா மார்கரெட் கமரன், 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் மகள் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தாள், அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று. பொழுது போனது அம்மாவுக்கு மட்டும்தான்; சுற்றியிருந்தவர்களுக்கு அன்றிலிருந்து நிம்மதி போனது. டெனிசன், டார்வின், வீட்டு வேலைக்காரி என்று கண்ணில் பட்ட எல்லாரையும் பிடித்து உட்காரவைத்து, நிமிடக்கணக்கில் மூச்சுவிடாமல் இருக்கச் சொன்னார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் நமக்குப் பழக்கமான பெயர். பள்ளிக்கூடத்தில் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் கமரன்தான். இலங்கைக்குச் சீர்திருத்தம் எழுதிக் கொடுத்த கையோடு இங்கே காணியும் வாங்கிப் போட்டிருந்தார். அந்தக் காணிகளைக் கோப்பி நோய் தின்னத் தொடங்கிய 1875இல், எண்பது வயதில், மனைவியோடு கப்பலேறினார்.

சாமான்களோடு ஒரு பசு வந்தது. இரண்டு சவப்பெட்டிகளும் வந்தன. இலங்கையில் நல்ல சவப்பெட்டி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? வெறுமையாகக் கொண்டுவருவதும் வீண் என்று அவற்றுக்குள் பீங்கானும் கண்ணாடிச் சாமானும் அடுக்கியிருந்தார்கள். நம்முடைய ஆட்கள் லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போகும்போது சூட்கேசுக்குள் அம்மியை வைப்பதைச் சிரிப்பவர்கள் இதைக் கவனிக்கவும். கப்பலில் சாமான் ஏற்றிய சுமைக்காரருக்குக் கொடுக்கக் கையில் காசு முடிந்துவிட்டதாம். அம்மையார் பெரிய பெரிய புகைப்படங்களை எடுத்துச் சன்மானமாகக் கொடுத்தார். சவப்பெட்டி தூக்கிய கூலிக்கு ஒரு படம்! இன்றைக்கு அந்தப் படங்களை ஏலத்தில் விட்டால் சுமைக்காரரின் பேரப்பிள்ளைகள் அந்தக் கப்பலையே வாங்கலாம். அன்றைக்கு அந்த மனிதர் மனதுக்குள் என்ன சொல்லியிருப்பார் என்பதை அச்சில் போட முடியாது.

மகன் ஒருவர் களுத்துறையில் அரசாங்க உத்தியோகம். அந்த வீட்டுக்கு 1877இல் மரியான் நோர்த் வந்தார். உலகம் முழுக்கச் சுற்றிப் பூவும் மரமும் வரைந்த ஓவியர். விருந்தாளி வந்தால் தேத்தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். கமரன் அம்மையார் அவருக்குக் கம்பளிச் சால்வையைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்து, தென்னோலை முனைகள் தலையில் குத்த நிற்கவைத்தார். உச்சி வெயில், வெப்பமானி 96 பாரன்ஹைட். அந்த நிலையில் இயல்பாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். பன்னிரண்டு தட்டு வீணாயிற்று என்று நோர்த் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். என்ன செய்தும் கண்ணாடியில் விழுந்தது ஒரு சாதாரணப் பெண்தானாம். கலைஞர்களில் இவ்வளவு நேர்மையானவரை நான் அதிகம் வாசித்ததில்லை.

அதே நோர்த் சொல்லும் இன்னொரு கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஊர்க்காரர் ஒருவருடைய முதுகு அம்மையாருக்குப் பிடித்துப்போனது. அபாரமான முதுகு, படம் எடுத்தே ஆகவேண்டும். மகனை நச்சரித்து அந்த ஆளைத் தோட்டக்காரனாக வேலைக்குச் சேர்த்தார். வீட்டில் தோட்டம் கிடையாது. வந்த ஆளுக்குத் தோட்டம் என்றால் என்னவென்றும் தெரியாது. முதுகுக்கு உத்தியோகம் கிடைத்த ஒரே மனிதர் இந்த நாட்டில் அவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் உத்தியோகம் கிடைத்த பிறகுதான் முதுகை வளைத்தார்கள்.

1879 ஜனவரி 26இல் டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மையார் கண்மூடினார். மறுவருடம் கணவர். இருவரும் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம். இலங்கையில் அவர் எடுத்ததில் முப்பதுக்கும் குறைவான படங்கள்தான் மிஞ்சின. பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர், களுத்துறைக் கிராமத்தவர். கம்பீரமான படங்கள், டார்வினுக்குக் கொடுத்த அதே ஒளியைத்தான் அவர்களுக்கும் கொடுத்தார். டார்வினுக்குப் பெயர் போட்டார்.

ஈரத்தட்டு ஒழிந்து உலர்தட்டு வந்ததும் படக்காரரின் சுமை குறைந்திருக்க வேண்டும். எர்ன்ஸ்ட் ஹெக்கலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. ஜேர்மன் விலங்கியல் பேராசிரியர், டார்வினின் மகா பக்தர்; 1881 நவம்பரில் பதினாறு பெட்டிகளோடு கொழும்பில் இறங்கினார். நுண்பெருக்கி, ஸ்பிரிட் போத்தல், வலை, துவக்கு, நீர்வர்ணம், கமரா. தங்கியது கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரத்தில், விஸ்ட் பங்களாவில். வெள்ளைக்காரர் கூடிக் கடதாசி விளையாடியதால் வந்த பெயர் அது. கடலும் களனி ஆறும் சேருமிடத்து அழகைப் பக்கம் பக்கமாக எழுதினார். பிறகு வெலிகமைக்குப் போய்க் கடலில் கிடந்ததையெல்லாம் போத்தலில் அடைத்தார். படம் எடுத்தார், வரைந்தார், பிடித்தார், சுட்டார். இயற்கையை நேசிக்க நான்கு வழி அவருக்குத் தெரிந்திருந்தது. பதினாறு பெட்டியையும் முகத்துவாரம் வரைக்கும் தூக்கியவர் யார் என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

இதற்குள் கொழும்புத் துறைமுகம் பெரிதாகிவிட்டது. சுயஸ் கால்வாய் 1869இல் திறந்தது. அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் கல் வைத்தார், அதற்கு முன்பே கல்லைவிட முக்கியமான வேலையாக யானை வேட்டைக்குப் போய் வந்திருந்தார். 1880களின் நடுவில் சுவர் முடிந்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போகிற கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்றன. பயணிகளுக்குக் கரையில் சில மணிநேரம். அதற்குள் இலங்கை முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டுமே? தபால் அட்டை பிறந்தது. 1890இல் கோட்டையில் தொழில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் இந்த வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தது. அட்டை வரிசை இப்படி இருக்கும்: சிவனொளிபாதமலை, தென்னஞ்சோலை, குளிக்கும் யானை, தமிழ்ப் பெண், தேங்காய் பறிப்பவன், தமிழ்க் கூலி, பனையோலை விசிறி. யானைக்கும் விசிறிக்கும் நடுவில் நாங்கள். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துச் சுமை தூக்கிய தமிழர் வாழ்ந்தார்கள். அவர்கள் தூக்கிய மூட்டைகளில் அவர்களுடைய படமே அச்சாகிக் கப்பலேறியிருக்கும். இயற்கைக் காட்சி என்ற தலைப்பின் கீழ் எங்களை வைத்ததற்கு இன்றைக்கும் எனக்குக் கோபமில்லை. யானைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், நல்ல இடம்தான்.

1894இல் துரைமாருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. சுட்டுச் சுட்டு மிருகம் குறைந்தால் நாளைக்கு எதைச் சுடுவது? வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பூர்வாசிரமம் அதுதான். 1900இல் யால ஒதுக்கிடமாயிற்று. அதைக் காக்க ஆள் தேவை. கிடைத்தவர் எங்கல்பிரெக்ட்.

எங்கல்பிரெக்ட் ஒரு போயர் யுத்தக் கைதி. தென்னாபிரிக்காவில் பிடித்து ஏறக்குறைய ஐயாயிரம் பேரைத் தியத்தலாவையில் அடைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்தவர்களைக் கப்பலேற்றினார்கள். இவர் செய்ய மாட்டேன் என்றார். அப்படியானால் இங்கேயே இரு என்றார்கள். இருந்தார். மன்னரை ஏற்காத மனிதரிடம் மன்னரின் காட்டைக் காவல் காக்கக் கொடுத்தார்கள். பிரித்தானிய நிர்வாகத்தின் நகைச்சுவை உணர்வுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. முதலாம் உலகப்போரில், சென்னையில் குண்டு போட்ட எம்டன் என்ற ஜேர்மன் கப்பலுக்கு இவர் மாட்டிறைச்சி கொடுத்தார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. கண்டியில் சிறை. போர் முடிந்த பிறகு, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று எம்டன் கப்பல் தலைவரே எழுதிக் கொடுத்தார். 1922இல் மனிதர் அம்பாந்தோட்டையில் செத்துப்போனார்.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் எங்கல்பிரெக்டுக்கு மேலதிகாரி, உதவி அரசாங்க அதிபர் லெனார்ட் வூல்ஃப். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, குதிரைச் சவுக்கால் ஒரு வழக்கறிஞரின் முகத்தில் அடித்தார் என்று புகார் வந்த அதே வூல்ஃப். அவர் மறுத்தார், யாழ்ப்பாணம் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பி எழுத்தாளர் வேர்ஜினியாவைக் கட்டினார். அந்த வேர்ஜினியா, கமரன் அம்மையாரின் தங்கை வழிப் பேத்தி. சவப்பெட்டிக் கதையை 1926இல் எழுதி உலகத்துக்குப் பரப்பியவரும் அவர்தான். உலகம் சின்னது, அதிலும் துரைமாருடைய உலகம் ஒரு கூடத்துக்குள் அடங்கிவிடும்.

யாலவைக் காத்தவரையும் ஆண்டவரையும் சொன்னேன். நடந்தவர்களைச் சொல்லவில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் எங்கள் சனம் கால்நடையாகக் கதிர்காமம் போயிற்று, வருடாவருடம், ஒதுக்கிடம் என்ற சொல் பிறக்கும் முன்பிருந்தே. உகந்தைமலை முருகனைக் கும்பிட்டு, கூமுனை தாண்டி, யாலக் காட்டுக்குள் இறங்கி மாணிக்க கங்கைக் கரைக்கு வரும் பாதை. வேலும் கமண்டலமும் அரிசிப் பொட்டலமும் சுமை. யானை குறுக்கே வந்தால் பிள்ளையாரே என்று கும்பிட்டு நிற்பார்கள். அவர் போன பிறகு இவர்கள் போவார்கள். கரடி, சிறுத்தை, கூமுனைப் பறவைகள் எல்லாவற்றையும் மிக அருகில் கண்டவர்கள். ஒரு படமும் இல்லை. ஆகையால் காட்டுயிர் வரலாற்றுப் புத்தகங்களில் அவர்களும் இல்லை.

கொழும்புக்குத் திரும்புவோம். பியானோக் கலைஞர், படிப்பால் வழக்கறிஞர், பறங்கியர் குலத்து லயனல் வென்ட் 1930களில் கமராவைக் கையில் எடுத்த பிறகுதான் இந்தத் தீவு தபால் அட்டையிலிருந்து வெளியே வந்து மூச்சுவிட்டது. கறுவாத்தோட்டத்தில் வாழ்ந்தாலும் வயலும் காடும் மீனவரும் தேடித் திரிந்தவர். 1934இல் ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவர். 1944இல் நாற்பத்துநான்கு வயதில் போய்விட்டார். அவருடைய நெகட்டிவுகளை அழித்துவிட்டார்கள். பெயரில் ஒரு அரங்கம் கட்டினார்கள். நம்மூரில் கலைஞனைக் கவனிக்கும் முறை இதுதான், அன்றும்.

கொழும்புத் தமிழன் கமராவுக்குச் செய்த மிகப் பெரிய உதவி கொழும்பில் நடக்கவில்லை, பொஸ்டனில் நடந்தது. கொள்ளுப்பிட்டியில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலம் இராமநாதனின் மைத்துனர் முறை. கல்லும் மண்ணும் ஆராய இலங்கையெங்கும் திரிந்த நில ஆய்வாளர். 1908இல் வந்த அவருடைய பெரிய கலைப் புத்தகத்துக்குப் படம் எடுத்தவர் மனைவி எதெல். பிறகு பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனார். புகைப்படம் கலையா இல்லையா என்று அருங்காட்சியகங்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்த 1924இல், அல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸின் இருபத்தேழு படங்களை உள்ளே கொண்டுவந்து வைத்தார். ஒரு சைவத் தமிழனின் மகன் சொல்லித்தான் அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகம் ஒன்று புகைப்படத்தைக் கும்பிட்டது. நடராசருக்கு விளக்கம் எழுதியவர் என்று மட்டும் அவரை நினைக்கிறோம்.

1956இல் ஆர்தர் சி. கிளார்க் வந்தார். விண்வெளிக் கதை எழுதுபவர்; ஆனால் இங்கே வந்தது கடலுக்கடியில் மீனைப் படம் பிடிக்க. கூட்டாளி மைக் வில்சன். இருவரும் திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே முங்கினார்கள். மீன் தேடிய இடத்தில் தூண் தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயில். வில்சன் அங்கிருந்து ஒரு லிங்கத்தையும் மேலே எடுத்தார். அது இன்று கோயிலில் இருக்கிறது. பக்திப் பாடல்களில் மட்டும் பார்த்த கோயிலை, பக்தி என்றால் என்னவென்று தெரியாத இரண்டு வெள்ளைக்காரர்கள் மீனுக்குப் போன வழியில் கண்டெடுத்தார்கள். சிவன் யாருக்கு எப்படிக் காட்சி கொடுப்பான் என்று சொல்ல முடியாது.

1961இல் வில்சன் தென்கிழக்குக் கடலில் உள்ள பாறைத் திட்டில் கடலடிப் படம் எடுக்கப் போனார். உள்ளூர்ப் பெயர் மகா இராவணன் கோட்டை. அங்கே கிடைத்தது ஒளரங்கசீப் காலத்து வெள்ளி நாணயம், மூட்டை மூட்டையாக. இராவணன் கோட்டையில் ஒளரங்கசீப் காசு, எடுத்தது வில்சன், எழுதியது கிளார்க். இந்தத் தீவின் வரலாற்றை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைச் சொல்வேன். மறுவருடம் வில்சன் முதல் சிங்கள வர்ணப்படமான ‘ரன்முத்து தூவ’வை எடுத்தார். பிற்பாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுவாமி சிவ கல்கி என்று பெயர் வைத்துக் கதிர்காமக் கந்தனின் அடியாராகிவிட்டார். லிங்கத்தைத் தூக்கியவனை லிங்கம் விடுமா?

1963இல் ஸ்டூடியோ டைம்ஸைத் தொடங்கிய நிஹால் பெர்னாண்டோ, தபால் அட்டைக்காரரின் பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்தவர். வருடக்கணக்கில் காட்டில் காத்திருந்து, காடு தன்பாட்டில் இருக்கும்போது எடுத்தார்.

வெள்ளவத்தைத் தமிழரின் கையில் நல்ல கமரா வந்தபோது யுத்தமும் வந்துவிட்டது. லண்டன் மாமா கொண்டுவந்த ஜப்பான் கமரா அலுமாரிக்குள் சேலைகளோடு உறங்கியது. காலி வீதியில் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பிறகு பொலிஸ் பதிவு கேட்பார்கள். பிறகு எதற்குப் படம் என்று கேட்பார்கள். சூரியன் மறைகிறது ஐயா என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதிலும் ஒரு நியாயம் உண்டு. சூரியன் தினமும் மறைகிறதே, இன்றைக்கு மட்டும் என்ன விசேஷம்? சிங்களவர் எடுத்தால் நிலக்காட்சி, நாங்கள் எடுத்தால் வேவு. வில்பத்துக் காடும் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2003இல் திறந்தார்கள். 2006 மே மாதம் அங்கே கண்ணிவெடியில் நிஹால் டி சில்வா உட்படச் சிலர் இறந்தார்கள். ஒரு இராணுவக் கப்டனும் ஒரு புலிப் பெண்ணும் அந்தக் காட்டைக் கடந்து வருவதாக நாவல் எழுதியவர் அவர். இந்த இடத்தில் எனக்குப் பகிடி வரவில்லை.

2007 ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கமாகவும் கிழக்காகவும் அனுப்பினார்கள். இலவசப் பயணம், வழியெல்லாம் குளமும் கொக்கும் பாலைக்காடும். யாரும் ஒரு படமும் எடுக்கவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. சுற்றுலா முடிந்தது.

இப்போது நிலைமை தலைகீழ். பாடசாலை விடுமுறை வந்தால் வெள்ளவத்தை பிளட்டுகள் வெறிச்சோடிப் போகின்றன, எல்லாரும் யாலவில். ஒரு சிறுத்தை மரத்தில் கால் தொங்கப்போட்டால் ஜீப்புகள் பம்பலப்பிட்டிச் சந்தி போல அடைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு ஜீப்பிலும் ஐந்தாறு கைபேசி. சிறுத்தை ஒரு புள்ளியாக விழும். முன்னால் சித்தப்பாவின் தொப்பி தெளிவாக விழும். பல வினாடிகள் அசையாமல் இருந்தால்தான் படம் என்ற காலத்திலிருந்து வந்துவிட்டோம். இப்போது அசையாமல் இருப்பது சிறுத்தை மட்டும்தான். ஜீப்புக்குள் ஒருவரும் சும்மா இருப்பதில்லை.

இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் கபரகொய்யா வெயில் காய்கிறது, நீர்க்காகம் சிறகு விரிக்கிறது. 2018இல் ராம்சார் உடன்படிக்கைக்காரர் கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தார்கள். அந்த ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனை உலாவுகிறது. ஆய்வாளர் கட்டிவைத்த தானியங்கிக் கமராவில், இரவில், கூலியும் பெட்டியும் சவப்பெட்டியும் இல்லாமல், தன் படத்தைத் தானே எடுத்துவிட்டுப் போகிறது.

ஆனாலும் நீங்கள் யாலவுக்குத்தான் போவீர்கள், எனக்குத் தெரியும். போங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். சிறுத்தை இருக்கும் இடத்தை உங்களுக்குக் காட்டியது நீங்கள் இல்லை. ஜீப்பின் முன்னால் இருக்கும் பொடியன், அல்லது பக்கத்தில் வந்த வழிகாட்டி. திரும்பும்போது அவருடைய பெயரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் படத்துக்குக் கீழே உங்கள் பெயரோடு அதையும் எழுதுங்கள். கமரன் அம்மையார் செய்யவில்லை, ஹெக்கல் செய்யவில்லை, தபால் அட்டைக்காரர் செய்யவில்லை. உங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.